அலங்காரக் கோஸா, சாமந்தியா? மேமியோ தோட்டக் கணக்கு

பர்மாவில், மண்டலே நகருக்கு மேலே மலையில் இருக்கிறது எங்கள் மேமியோ (இப்போது பியின் ஊ ல்வின்). மூன்று குளிர்காலத்துக்கு முன்பு வரை எங்கள் தோட்டத்தில் சாமந்தி மட்டும்தான். இப்போது முக்கால் பங்கு பாத்தியில் அலங்காரக் கோஸ் நிற்கிறது, சமையலுக்கு இல்லை, பூவைப் போல ஜாடியில் வைக்க விற்கிற கோஸ். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சாமந்தியின் பலம் தெரிந்ததுதான். புத்தர் முன் வைக்கக் கேட்பார்கள், நம் கோயில் மாலைக்கும் ஆகும். தாய்ச்செடியில் நுனி கிள்ளி நட்டால் நாற்று வந்துவிடும். கோஸுக்கு வருடா வருடம் கலப்பின விதை வாங்க வேண்டும். நாமே விதை எடுத்தால் நிறம் கலந்துவிடும். மாலையிலும் அதைக் கட்ட முடியாது. அதுவரை சாமந்திதான் மேல்.

என்னைக் கோஸ் பக்கம் இழுத்தது அது வயலில் காத்து நிற்பதுதான். சாமந்தி, இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி. ஒரே ரகத்தை ஒரே சமயத்தில் நட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் பூத்துவிடும். அந்த வாரம் மண்டலேக்கு இறங்க லாரி கிடைக்காமல் இரண்டு நாள் தவித்திருக்கிறேன். பூ போய்ச் சேர்ந்தபோது விலை பாதியாகியிருந்தது. வெட்டாமல் விட்ட பாத்தியும் முற்றிப் போயிற்று.

கோஸில் நாம் விற்பது பூவே இல்லை, இலை. இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இரண்டு மூன்று வாரம் இறங்கினால் நடு இலைகளில் பச்சையம் குறைந்து வெள்ளை, ரோஸ், ஊதா என்று நிறம் ஏறும். ஏறிய நிறம் குளிர் இருக்கும்வரை அப்படியே நிற்கும். மண்டலேயில் பூக்கடை வைத்திருக்கும் மச்சான் "நாளைக்கு இருநூறு தண்டு" என்று ஃபோன் பண்ணினால் இருநூறுதான் வெட்டுவேன். மீதி மூன்று வாரம் ஆனாலும் நிற்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற நம் மேமியோவில் டிசம்பர், ஜனவரி இரவுகள் இந்தக் குளிரைச் சும்மா தருகின்றன. கீழே மண்டலே சமவெளியில் இந்த நிறம் வராது. பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியதும் நடுத்தண்டு நீண்டு மஞ்சள் பூ விட்டுவிடும். அதற்குள் விற்றுவிட வேண்டும்.

வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். வெட்டுக்கு உயரமாக வளரும் ரகம் வேண்டும். ஜப்பானின் தாக்கி நிறுவனத்து க்ரேன் ரகங்கள் அப்படிப்பட்டவை. ஆகஸ்ட் கடைசியில், மழை படாத கூரைக்கடியில் விதைக்கிறேன். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டால்தான் தலை ரோஜா அளவில் அடங்கும், தண்டும் நீளும். சாயாமல் இருக்க வலை கட்ட வேண்டும், வாராவாரம் அடியிலை கிள்ள வேண்டும். நவம்பர் பிறந்ததும் யூரியாவை நிறுத்திவிடுங்கள். முதல் வருடம் நான் நிறுத்தவில்லை, பாதிப் பாத்தி பச்சையாகவே நின்றது.

அப்புறம் புழு. சமையல் கோஸில் ஓட்டை விழுந்த மேல் இலையை உரித்துவிட்டு விற்கலாம். இங்கே மேல் இலைதான் சரக்கு. வைரமுதுகுப் பூச்சியின் புழு ஒன்று ஏறினாலும் அந்தத் தண்டு வீண். நாற்றுப் பருவத்திலிருந்தே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஜாடியில் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். தண்ணீரை மாற்றாவிட்டால் கோஸ் வாடை அடிக்கும், வாங்குபவரிடம் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ரங்கூனுக்கு இரண்டே தடவைதான் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவையும் நன்றாகவே போய்ச் சேர்ந்தது, ஆனால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

மீதிக் கால் பங்கில் சாமந்தியை விட்டு வைத்ததற்குக் காரணம் மண். கோஸை ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப நட்டால் வேர் முடிச்சு நோய் தங்கிவிடும். அதனால் இப்போது சாமந்தி நிற்கும் பாத்தி அடுத்த முறை கோஸுக்கு, அதே அளவு கோஸ் பாத்தி சாமந்திக்கு.