சந்தையும் சுதந்திரமும்: இரண்டு குறியீடுகள், ஒரு மதிப்புரை

எதேச்சாதிகார நாடுகளில் சந்தை திறந்தால் அரசியல் உரிமையும் வருமா என்று சோதிக்க நாடுகளின் அரசியல், குடிமை உரிமைகளுக்கு மதிப்பெண் தரும் ஃப்ரீடம் ஹவுஸ், பொருளாதாரச் சுதந்திரத்தை அளக்கும் ஹெரிடேஜ் ஆகிய இரண்டு அமெரிக்க அமைப்புகளின் குறியீடுகளைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் அதிகம். இரண்டும் இலவசம்தான். ஆனால் சேர்க்கும் இடத்தில்தான் சிக்கல். ஃப்ரீடம் ஹவுஸ் குடிமை உரிமைகளுக்குத் தரும் 60 மதிப்பெண்ணில் சொத்துரிமை, தொழில் தொடங்கும் உரிமை பற்றிய கேள்வியும் அடக்கம். ஹெரிடேஜும் சொத்துரிமையை அளக்கிறது. ஒரே சரக்கை இருபுறமும் நிறுத்தால் தொடர்பு வலுவாகத் தெரியாமல் என்ன செய்யும்? ஃப்ரீடம் ஹவுஸில் அரசியல் உரிமைக்கான 40 மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். ஹெரிடேஜின் 12 கூறுகளில் சொத்துரிமை உட்பட சட்ட ஆட்சி சார்ந்த மூன்றை நீக்கி, மீதி ஒன்பதுக்குச் சராசரி போடுங்கள்.

பெரிய குறை ஹாங்காங். ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்ததை, கொள்கை பெய்ஜிங்கின் பிடியில் என்று சொல்லி 2021-இல் ஹெரிடேஜ் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆராய வேண்டிய நேரத்தில் தரவு இல்லை!