கறுப்புக் கண்ணாடியா, கைப்பிடி முகமூடியா, தானாகக் கறுக்கும் ஹெல்மட்டா?

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் கேட், ஜன்னல் கிரில், கொழுந்து ஏற்றும் ட்ரெய்லர், ஓட்டோச் சட்டம் எல்லாம் ஒரே தகரக் கூரையின் கீழ் நடக்கும் வேலைகள். கண்ணுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் பாஸ்மார் விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு விலை இரண்டாவது. இரும்புத் துண்டுகளை நிறுத்திப் புள்ளி புள்ளியாக டெக் வைக்கிற நொடியில் எது முகத்தில் இருக்கிறது என்பதையே முதலில் பார்ப்பேன்.

நீளமாக ஒட்டும்போது எவரும் எதையாவது முகத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள். டெக் வேலை அப்படியல்ல. இடது கையில் சட்டம், வலது கையில் ஹோல்டர். முகமூடி பிடிக்க மூன்றாவது கை ஏது? கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பி, ஊகத்தில் வெல்டிங் ரொட்டைத் தட்டுகிறார்கள். ஒரு கிரிலுக்கே இப்படி எத்தனையோ முறை. ரொட் பற்றிய பிறகு கண் மூடுவதும் உண்டு. முகத்துத் தோலோ எப்படியும் எரிகிறது. புற ஊதாக் கதிரின் சூடு அப்போதைக்குத் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தி நீர் கொட்டும்.

கடைத்தெருக் கறுப்புக் கண்ணாடியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெல்டிங் கண்ணாடிக்கு இலக்கம் கூடக் கூட இருட்டும் கூடும். வெல்டிங்குக்கான 10ஆம் இலக்கக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 0.014 சதவீதத்தையே விடுகிறது. வெயில் கண்ணாடி அதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு விடும். பக்கவாட்டிலோ முழுக்கத் திறப்பு. கேஸ் வெல்டிங் கண்ணாடி கொஞ்சம் மேல், ஆனால் அது 5ஆம் இலக்கம்: 10ஐவிட ஏறத்தாழ 140 மடங்கு ஒளி உள்ளே வரும். கேஸ் வேலைக்கு அது சரி, கரண்ட் வெல்டிங்குக்கு ஆகாது.

கைப்பிடி முகமூடி மலிவானது, நம்பகமானது. மெல்லிய 12 கேஜ் ரொட்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 90 அம்பியர், அதைவிடத் தடித்த 10 கேஜுக்கு 90 முதல் 130 போகும். இரண்டுக்கும் 10ஆம் இலக்கக் கண்ணாடி பொருந்தும், கூசினால் 11 போடலாம். முகத்தோடு ஒட்டாததால் மழைக் காலத்துக் குளிரில் மூச்சு பட்டு மங்குவதும் குறைவு. நுவரெலியாக்காரர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் என் அளவுகோலில் அது தோற்றுவிடுகிறது. டெக் வைக்கும்போது அது மேசையில் கிடக்கிறது.

தலையில் மாட்டி மடக்கும் ஹெல்மட் இரண்டு கையையும் விடுவிக்கிறது. தலையை ஆட்டி இறக்கியதும் கும்மிருட்டு. ரொட்டின் நுனி எங்கே என்று தெரியாது. பழகிய பாஸ் சமாளிப்பார், பழகும் பையன் ஹெல்மட்டைப் பாதியில் நிறுத்தி அடியால் எட்டிப் பார்ப்பான். மூச்சு மங்கலும் இதில்தான் அதிகம்.

தானாகக் கறுக்கும் ஹெல்மட்டில் வேலை தொடங்குமுன் 3 அல்லது 4ஆம் இலக்க அளவுக்கே இருட்டு. நுனி தெரிகிறது. தீப்பொறி எழுந்ததும் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் கறுத்துவிடும். பற்றரி இறந்துபோனால் கண் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஈஎன் 379 என்ற ஐரோப்பியத் தர முத்திரையுள்ள முறையான பொருளில் புற ஊதா, அகச்சிவப்பு வடிகட்டி எப்போதும் வேலை செய்கிறது. கறுக்கத் தவறினால் கண் கூசும், அதோடு வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். முத்திரையில்லாத மலிவுப் பொருளுக்கு இந்த உறுதியைக் கொடுக்க மாட்டேன். ட்ரெய்லருக்கு அடியில் படுத்து ஒட்டும்போது சட்டம் மறைத்து உணரிக்கு வெளிச்சம் எட்டாமல் போகலாம். கிரைண்டர் பிடிப்பதற்கென்று உள்ள நிலையில் அப்படியே விட்டுவிட்டால் கறுக்கவே கறுக்காது.

ஆகவே கேட், கிரில் பட்டறைக்கு, விலை பல மடங்கானாலும், தானாகக் கறுப்பதை வாங்கச் சொல்வேன். ட்ரெய்லர், சேஸி பழுதுபார்ப்பே பெரும்பகுதி என்றால் மடக்கும் ஹெல்மட் போதும். பழைய கைப்பிடி முகமூடியை எறியாதீர்கள். சட்டத்தைப் பிடித்து நிற்கும் பையனுக்கு ஒரு கை பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. சுவர்த் தகரத்தில் பட்டுத் திரும்பும் கதிர் அவனையும் சுடும்; பாஸுக்கு ஒன்றுமில்லாமல் பையன் மட்டும் இரவில் துடிப்பது இதனால்தான்.

எதை வாங்கினாலும் முன்னாலுள்ள வெள்ளைக் கண்ணாடியை அடிக்கடி மாற்றுங்கள். பொறி தெறித்துப் புள்ளி விழுந்தால் வேலை தெரியாது. தெரியாவிட்டால் முகமூடி உயரும். கசடு தட்டவும் கிரைண்டர் பிடிக்கவும் பக்கம் மூடிய வெள்ளைக் கண்ணாடி தனியாக வேண்டும்.

எரிந்த கண்ணுக்கு உருளைக்கிழங்குத் துண்டா, தாய்ப்பாலா, பாமசிச் சொட்டு மருந்தா? மூடிய இமையின்மேல் சுத்தமான ஈரத்துணி வைத்தாலே கிழங்கு தரும் குளிர்ச்சி கிடைத்துவிடும். பாலைக் கண்ணுக்குள் விட்டால் கிருமி சேரும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து இதமாக இருப்பதுதான் அதன் ஆபத்து: திரும்பத் திரும்ப விட்டால் விழிப் படலம் ஆறாது. வெறும் கதிர்ச் சூடு பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தணியாவிட்டாலோ, ஒரு கண் மட்டும் உறுத்தினாலோ, பார்வை மங்கினாலோ துகள் ஏறியிருக்கலாம். கண்ணைக் கசக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.