‘சில நேரம்’ என்பதற்கு எத்தனை மார்க்?

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு முதலாண்டுப் பையன் ஒருவனிடம் கேம் பழக்கம் பற்றி ஏழு கேள்வி கொடுத்தேன். நாள் முழுக்க கேம் நினைப்பா? சில நேரம். ஆடும் நேரம் கூடுகிறதா? சில நேரம். கவலையை மறக்க ஆடுகிறாயா? சில நேரம். வீட்டில் சண்டை? அதுவும் சில நேரம். மீதி மூன்றுக்கும் ‘அரிதாக’.

இது நெதர்லாந்தின் லெம்மென்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ஜி.ஏ.எஸ்-7 என்ற கேம் அடிமைத்தன வினாத்தாள். நான்கு கேள்விக்கு ‘சில நேரம்’ வந்தாலே சிக்கல் என்று எண்ணலாம். ஏழுக்கும் வரவேண்டும் என்றும் எண்ணலாம். முதல் கணக்கில் பையன் மாட்டினான், இரண்டாவதில் தப்பித்தான். நார்வேக்காரர்கள் மூன்றாவது வழி வைத்திருக்கிறார்கள். நினைப்பு, நேரம், கவலை மறப்பது மூன்றும் வெறும் ஈடுபாடு; சண்டை, பாதிப்பு, விட முடியாமை, ஆடாவிட்டால் தவிப்பு நான்கும்தான் கரு. அதன்படி இவன் ஆர்வக்காரன், அவ்வளவுதான். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

ஹங்கேரியில் உருவான ஐ.ஜி.டி.டி-10 என்ற வினாத்தாள் வேறு ரகம். இல்லை, சில நேரம், அடிக்கடி என்று மூன்றே விடை. ‘அடிக்கடி’க்கு மட்டும்தான் மார்க். 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து தேறினால் சிக்கல். ஜி.ஏ.எஸ்-7 போல ‘இல்லை’, ‘அரிதாக’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ என்று ஐந்து படி கொடுத்தால் எங்கள் பையன்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று என்றால் சட்டென்று டிக் அடிக்கிறார்கள். படிப்பு, வேலை பாதிப்பை உறவு பாதிப்போடு குழப்பாமல் தனிக் கேள்வியாகக் கேட்பதும் இதில் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் தூங்கி வழிகிறவன் அங்கே தெரிந்துவிடுவான்.

ஐ.ஜி.டி.எஸ்-9 (2015, பான்டெஸ், கிரிஃபித்ஸ்) என்ற ஒன்பது கேள்வித் தாள், கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து என்று 9 முதல் 45 வரை மதிப்பெண் தரும். ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை கொடுத்து ஒரே பையனைத் தொடர அது வசதி. ஆனால் ஒன்பதுக்கும் ‘சில நேரம்’ போட்டவனுக்கு 27 வரும். நான்குக்கு ‘மிக அடிக்கடி’, மிச்சத்துக்கு ஒன்றும் இரண்டுமாகப் போட்டவனுக்கும் 27 வரலாம்.

எந்தத் தாளில் வந்தாலும் ஆடும் அளவை மறைத்தாயா என்ற கேள்வி ஹாஸ்டலில் பலிக்காது. யாரிடம் மறைப்பது? பக்கத்துக் கட்டில்காரன்தானே கேம் ஸ்குவாடில், அதாவது அதே அணியில், இருக்கிறான்.

வகுப்பு முழுவதற்கும் முதல் சல்லடை என்றால் நான் ஐ.ஜி.டி.டி-10 தான் கொடுப்பேன். கூட்டலைப் பார்க்கும் முன்பே, படிப்புக் கேள்விக்கு ‘அடிக்கடி’ போட்ட தாள்களைத் தனியே எடுத்துவைத்துவிடுவேன்.