வறண்ட கருவைத்தூளும் செயின்சா ஏர் ஃபில்டரும்: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேல மரங்களை (சுருக்கமாகக் கருவை) அறுத்துக் கரிமூட்டங்களுக்கும் விறகுக் கடைகளுக்கும் அனுப்பும் வேலையை 2017-ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுமாறு உத்தரவிட்டதை ஒட்டி எங்கள் பக்கம் வேலை பெருகிய அந்த ஆண்டில்தான் முதல் செயின்சாவை வாங்கினேன். இப்போது இரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்று 50 சி.சி.க்குச் சற்றுக் குறைவான சாதாரண மெஷின். மற்றொன்று 60 சி.சி. அளவில், ஃபில்டருக்கு வரும் முன்பே காற்றிலுள்ள தூளைப் பிரித்துவிடும் அமைப்புள்ளது. நைலான் வலை, ஃபெல்ட், மடிப்பு என்று மூன்று வகை ஏர் ஃபில்டர்களையும் இவற்றில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. 60 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை காற்றை இழுக்கிறது. அறுக்கும்போது நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஏட்டுக் கணக்கில் 540 லிட்டர் காற்று. நடைமுறையில் அதைவிடக் குறையும் என்றாலும், கைக்கு அடக்கமான ஒரு ஃபில்டர் வழியாக ஒரு நிமிடத்தில் பெரிய தண்ணீர் டிரம்கள் இரண்டு நிறையும் அளவுக்குக் காற்று போகிறது. அந்தக் காற்று, செயின் வாரி இறைக்கும் தூள்மண்டலத்தின் நடுவிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேலும், டூ ஸ்ட்ரோக்கில் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. கிராங்க் அறைக்குள் புகுந்து, பேரிங்கைத் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. ஆகையால் உள்ளே நுழையும் தூசி பிஸ்டன், ரிங், பேரிங் மூன்றையும் சேர்த்தே தேய்க்கும்.

எந்த மரத்தை அறுக்கிறோம் என்பதைக் கேட்காமல் ஃபில்டரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுக்கச் சென்றிருந்தோம். பச்சைத் தென்னையின் தூள் ஈரமாக, நார் நாராக வரும். அது செயின் மூடிக்குள் அடைத்துக்கொண்டு தொல்லை கொடுக்குமே தவிர, கனமாக இருப்பதால் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். ஃபில்டரை அவ்வளவாக வதைக்காது. பச்சைச் சவுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். வெட்டி ஓராண்டு வெயிலில் காய்ந்த கருவை அடிக்கட்டை வேறு ரகம். அதன் தூள் சீகைக்காய்ப் பொடி போல இருக்கும். காற்றில் மிதந்துகொண்டு சட்டைக் காலருக்குள்ளும் இமை மயிரிலும் படியும். தரையை ஒட்டி அறுக்கும்போது பட்டையில் ஒட்டியிருக்கும் கரிசல் புழுதியும் அதனுடன் கலக்கிறது. மரத்தூளைக் காட்டிலும் மண்ணே இன்ஜினுக்கு எமன். மண் பட்டவுடன் செயினின் கூர் மழுங்குகிறது. மழுங்கிய செயின் சீவலாக வெட்டாமல் மாவாக அரைக்கிறது. மாவு கூடக் கூட ஃபில்டரின் பாடு கூடுகிறது. ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது என்று என்னிடம் சொல்பவர்களிடம், கடைசியாக எப்போது அரம் போட்டீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

2019-இல் நான் பட்ட நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சின்ன மெஷினுக்கு, ஒரிஜினல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்த வலை ஃபில்டரை வாங்கிப் போட்டேன். போட்ட அன்றே மெஷின் முன்பைவிட நன்றாக ரேஸ் ஆனது. நல்ல பொருள் என்று மகிழ்ந்து இன்னும் இரண்டு வாங்கி வைத்தேன். நான்கு மாதம் சென்றபின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்தது; கயிற்றை இழுத்தால் கையில் எதிர்ப்பே தெரியவில்லை. மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். சைலன்சர் பக்கம் ஒரு கீறலும் இல்லை. கார்பரேட்டர் பக்கம் மட்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல, மினுக்கம் செத்து மங்கலாக இருந்தது. “ஆயில் குறைஞ்சிருந்தா சைலன்சர் பக்கம் கீறியிருக்கும்ணே. இது முழுக்கத் தூசி” என்றார். அந்த ஃபில்டரைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தோம். இரண்டு பாதிகளையும் அழுத்திச் சேர்க்கும் விளிம்பில், ஓரிடத்தில் நகத்தை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. உள்புறத்தில் அதற்கு நேராக ஒரு பழுப்புக் கோடு. வலையில் பழுது இல்லை. காற்று வலையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நன்றாக ரேஸ் ஆனதற்குக் காரணமும் அதுதான்.

அன்றிலிருந்து ஃபில்டரின் வெளிப்புறத்தை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. வெளியே கனமாகத் தூள் அப்பியிருந்தால் அது வேலை செய்திருக்கிறது என்று பொருள். பார்க்க வேண்டிய இடம் உள்ளே, கார்பரேட்டர் வாய். புது ஃபில்டர் எதுவாயினும், உட்காரும் விளிம்பில் மிக மெல்லியதாக கிரீஸ் தடவி மாட்டுகிறேன். இரண்டு டேங்க் பெட்ரோல் ஓடியபின் சோக்கை மூடிவிட்டுக் கழற்றி, விளிம்பைப் பார்க்கிறேன். கிரீஸின் உள் ஓரம் சுத்தமாக இருந்தால் நல்லது; வெளியிலிருந்து உள்ளே தூள் ஒரு வாய்க்கால் போலக் கோடிழுத்திருந்தால் அந்த ஃபில்டர் எனக்கு வேண்டாம். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியை விரலில் சுற்றிக் கார்பரேட்டர் வாயைத் துடைக்கிறேன். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலும் ஆயிலும் கலந்த ஆவியைக் கொஞ்சம் திருப்பித் துப்பும்; அதனால் ஃபில்டரின் உள்புறம் கறுத்து, பிசுபிசுப்பாகவே இருக்கும். அது குற்றமன்று. துணியில் பட்ட கறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தால், வெறும் ஆயில் வழுக்கும். தூசி கலந்திருந்தால் நறநறக்கும்.

வகைகளைப் பற்றி என் தீர்ப்பு இது. வலை ஃபில்டர்களில் 80 மைக்ரான், 44 மைக்ரான் என இரண்டு நெருக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. 80 மைக்ரான் என்பது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். பச்சை மரத்துக்கு அது போதும், ஈரத் தூளைத் தட்டினால் உதிர்ந்தும்விடும். காய்ந்த கருவைக்கு 44 மைக்ரானும் போதவில்லை. வெல்வெட் துணியைத் தொடுவது போல மெல்லிய இழைகள் படர்ந்த ஃபெல்ட் ஃபில்டரை மாட்டிய பிறகுதான் வேட்டித் துணிச் சோதனையில் நறநறப்பு நின்றது. ஓட்டையின் அளவை மட்டும் நம்பாமல், இழைகளுக்குள் வளைந்து வளைந்து போகும்படி செய்து தூளைப் பிடிப்பதால் அது மண்புழுதியையும் நிறுத்துகிறது. அதற்குரிய விலையாக, சீக்கிரம் அடைக்கும். சின்ன மெஷினில் கருவை அறுக்கும் நாளில் இரண்டு டேங்குக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். மடிப்பு ஃபில்டர் பரப்பு கூடுதலாக இருப்பதால் நெடுநேரம் தாங்குகிறது, சோப்பு நீரில் கழுவினாலும் உருக்குலைவதில்லை. பெரிய மெஷினில் இப்போது அதுதான் இருக்கிறது.

பெரிய மெஷினின் முன்பிரிப்பு அமைப்பு எளிமையானது. ஃபிளைவீல் விசிறி சுழலும் வேகத்தில் கனமான துகள்கள் வெளிப்பக்கம் எறியப்பட, தெளிந்த காற்று மட்டும் ஒரு வாய் வழியாக ஃபில்டர் அறைக்கு வருகிறது. ஹஸ்க்வர்னா இதை ஏர் இன்ஜெக்‌ஷன் என்று அழைக்கிறது. பச்சை மரத்தில் ஒரு வாரம் திறக்காமல் ஓட்டியிருக்கிறேன். ஆனால் சீகைக்காய்ப் பொடி போன்ற அந்த நுண்தூளுக்கு எடை இல்லை. அது எறியப்படாமல் காற்றுடனே வந்துவிடுகிறது. ஆகவே கருவை வேலையில் நாளுக்கு ஒரு முறை திறக்கிறேன். ஃபில்டர் அடைத்தாலும் பெட்ரோல் விகிதம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கார்பரேட்டர் அதில் இருப்பதால், சின்ன மெஷின் போலப் புகை தள்ளி எச்சரிக்காது. இழுவை மட்டும் மெல்லக் குறையும். பழகிய கைக்குத்தான் அது தெரியும்.

சுத்தம் செய்வதில் நான் செய்த தவறு கம்ப்ரஸர். பஞ்சர் கடையில் டயருக்கு அடிக்கும் காற்றை ஃபெல்ட் மேல் அடித்தேன். வெளியிலிருந்து அடித்ததில் தூள் இன்னும் ஆழமாகப் புதைந்தது, ஓரிடத்தில் இழையே உரிந்து வந்தது. பெட்ரோலில் அலசுவதும் கூடாது. இழையைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். இப்போது உள்ளங்கையில் மெல்லத் தட்டி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தடவி, மாலையில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, நிழலில் இரவு முழுக்கக் காயவிடுகிறேன். ஈரமாக மாட்டினால் தூள் களிமண்ணாகப் பூசிக்கொள்ளும். எனவே ஒரு மெஷினுக்கு மூன்று ஃபில்டர்: ஒன்று ஓடுகிறது, ஒன்று காய்கிறது, ஒன்று மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் காட்டுக்கு வருகிறது. விளிம்பு ரப்பர் கெட்டித்துப்போன அன்றே அதைக் கழித்துவிடுகிறேன்.

சின்ன மெஷினுக்கு 2019-இல் போட்ட பிஸ்டனும் சிலிண்டரும் இன்றும் மாற்றப்படாமல் ஓடுகின்றன. போன மாதம் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிங் தெரியும் பக்கம் மினுமினுப்பாக இருந்தது. கார்பரேட்டர் பக்கம் வேட்டித் துணியில் ஆயில் கறை மட்டும் வந்தது, நறநறக்கவில்லை.