வருகையா, வாசிப்பா: கல்வித் திட்டங்களும் இரண்டு அளவுகோல்களும்

ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்கு மிதிவண்டி வழங்குவதும், நான்காம் வகுப்பை எட்டியும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே கற்பிப்பதும் நிதிநிலை அறிக்கைகளில் 'கல்வித் திட்டம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் இடம்பெறுகின்றன. ஆனால் முன்னது ஒருவரின் வாய்ப்பை மாற்ற முயல்கிறது. பின்னது கற்றலை மாற்ற முயல்கிறது. வாய்ப்பு வந்தால் கற்றலும், கற்றல் வந்தால் வாய்ப்பும் தாமாகவே பின்தொடரும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். கடந்த அறுபது ஆண்டுகளில் பல நாடுகளில் கவனமாக அளக்கப்பட்ட திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை பல இடங்களில் பொய்த்துப்போகிறது. மாணவர்களைப் பள்ளிக்கு வரவழைத்த சில திட்டங்கள் அவர்களுக்குக் கூடுதலாக எதையும் கற்றுத்தரவில்லை. மதிப்பெண்ணை நிலையாக உயர்த்தத் தவறிய வேறு சில திட்டங்களோ, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அந்த மாணவர்களின் வாழ்க்கையில் பலன் காட்டியிருக்கின்றன. ஆகவே எந்தத் திட்டம் சிறந்தது என்று கேட்கும் முன், எதில் சிறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பள்ளியின் வாசல் வரை கொண்டுவருபவை

மெக்சிகோ 1997-இல் தொடங்கிய 'ப்ரோக்ரேசா' திட்டம், குழந்தைகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கியது. மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கிய அத்தொகை வகுப்பு உயர உயரக் கூடியது. நடுநிலை வகுப்புகளில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகமாக இருந்தது. 506 கிராமங்களில், குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு முன்னதாகவும் மற்றவற்றுக்குப் பின்னதாகவும் வழங்கப்பட்டதால், அதன் விளைவைத் தெளிவாக ஒப்பிட முடிந்தது. தொடக்கப் பள்ளியை முடித்தவுடன் படிப்பை நிறுத்துவது குறைந்தது. அடுத்த கட்டத்துக்குச் சென்ற மாணவர்களின், குறிப்பாகப் பெண்களின், எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் அதே கிராமங்களில் நடத்தப்பட்ட அடைவுத் தேர்வுகளில், உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

பீகாரில் 2006-இல் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் இதே வகையைச் சேர்ந்தது என்றாலும் ஒரு படி முன்னே நிற்கிறது. அது உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கையை 32 சதவீதம் உயர்த்தியது; ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலான இடைவெளியை 40 சதவீதம் குறைத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய பெண்களின் எண்ணிக்கை 18 சதவீதமும் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை 12 சதவீதமும் கூடின. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தடை எதுவோ அதை நேராக நீக்கிய திட்டம் அது. தடை தொலைவாக இல்லாமல் வேறொன்றாக இருந்த இடத்தில் மிதிவண்டி மிதிவண்டியாகவே இருந்திருக்கும்.

கானாவில் 2008-இல் நடந்த சோதனை இந்த வகைக்கே வலுவான சான்று. மேல்நிலைக் கல்விக்குத் தகுதி பெற்றும் கட்டணம் செலுத்த இயலாமல் நின்ற 2,064 மாணவர்களில் 682 பேருக்குக் குலுக்கல் முறையில் முழு உதவித்தொகை கிடைத்தது. அவர்களில் படிப்பை முடித்தவர்களின் விகிதம் வெகுவாக உயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து நடத்தப்பட்ட தேர்வில் அவர்களது வாசிப்பும் கணக்கறிவும் மேம்பட்டிருந்தன. உதவி பெற்ற பெண்கள் குறைவான குழந்தைகளைப் பெற்றனர். இங்கே வாய்ப்பும் கற்றலும் சேர்ந்தே உயர்ந்ததற்குக் காரணம் தெளிவானது: அவர்கள் ஏற்கெனவே நுழைவுத் தகுதி பெற்றவர்கள். வகுப்பில் நடத்தப்படும் பாடத்தைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தார்கள். பணம் மட்டுமே குறுக்கே நின்றது. மெக்சிகோவின் முடிவையும் கானாவின் முடிவையும் பிரிப்பது உதவித்தொகையின் அளவு அன்று, பெறுபவர் வகுப்பறைக்குள் நுழையும்போது கொண்டுவரும் அடிப்படை என்பதே என் கணிப்பு.

பொருள் வழங்குபவை

இவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளில் 1990-களில் இலவசப் பாடநூல்கள் வழங்கப்பட்டபோது சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துவந்த மாணவர்களுக்கு மட்டும் பயன் கிடைத்தது. பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அங்குள்ள குழந்தைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. பெரு நாட்டில், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற பெருந்திட்டத்தை 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணினிகளின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. விநியோகித்த பொருட்களின் எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிப்பது எளிது என்பதாலேயே இவ்வகைத் திட்டங்களுக்கு ஆதரவு குறைவதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலையறிந்து கற்பிப்பவை

மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய 'பால்சகி' திட்டம் புதிய கட்டடத்தையோ கருவியையோ நம்பவில்லை. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் அடிப்படை வாசிப்பிலும் எண்ணறிவிலும் பின்தங்கிய குழந்தைகளை, அதே பகுதியைச் சேர்ந்த, குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்ற இளம்பெண்கள் பள்ளி நேரத்திலேயே நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கற்பித்தார்கள். திட்டம் நடந்த பள்ளிகளின் சராசரி மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் புள்ளியியல் அலகு) உயர்ந்தது. நூறு பேர் கொண்ட வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் பதினோரு பேரைக் கடந்து முன்னேறுவதற்கு இது ஒப்பானது. அந்த உயர்வின் பெரும்பகுதி கடைசி வரிசைக் குழந்தைகளிடமிருந்து வந்தது. பின்தங்கியவர்கள் வெளியே சென்றதால் வகுப்பில் எஞ்சியவர்களுக்கு ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் அவர்களுக்குச் சொல்லத்தக்க பலன் எதுவும் இல்லை. வகுப்பில் தலைகளின் எண்ணிக்கை குறைந்தாலும், பாடம் நடத்தும் முறை மாறாவிட்டால் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

அதே ஆய்வின் மற்றொரு பகுதியாக, வடோதராவில் நான்காம் வகுப்பு மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டுகள் விளையாடினார்கள். கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. பெருவில் தோற்ற கணினி இங்கே வென்றது எப்படி? பெருவில் கருவி குழந்தையின் கையில் கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பது அவரவர் பொறுப்பாக விடப்பட்டது. வடோதராவில் ஒவ்வொரு குழந்தையின் நிலைக்கேற்ற கணக்குகளை மென்பொருள் முன்வைத்தது. 2015-இல் டெல்லியில், 619 நடுநிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு, ஒவ்வொருவரின் நிலையைக் கணித்துப் பாடம் தரும் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருள் சோதிக்கப்பட்டபோதும், நான்கரை மாதங்களில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றம் பதிவானது. அம்மாணவர்களில் பெரும்பாலோர் தாங்கள் அமர்ந்திருந்த வகுப்புக்குப் பல ஆண்டுகள் பின்தங்கிய நிலையில் இருந்தார்கள். பாடத்திட்டம் ஓடிக்கொண்டே இருக்க, அதைப் பிடிக்க முடியாதவர்கள் ஆண்டுதோறும் மேலும் பின்னடைகிறார்கள். நிலையறிந்து கற்பிக்கும் திட்டங்கள் அந்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கின்றன. அவற்றின் வெற்றியில் பெரும் மாயம் ஒன்றும் இல்லை.

இவற்றின் குறையையும் மறைக்கக் கூடாது. பால்சகி முடிந்து ஓராண்டு கழித்து அளந்தபோது, உதவி பெற்ற குழந்தைகளிடம் எஞ்சிய பலன் ஏறத்தாழ 0.10 திட்ட விலக்கமாகத் தேய்ந்திருந்தது. வழக்கமான வகுப்புக்குத் திரும்பிய குழந்தை பழைய வேகத்துக்குள் மீண்டும் சிக்கிக்கொள்கிறது. மூன்று மாத முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடும் நிர்வாகங்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சிறு வகுப்பும் முன்பருவக் கல்வியும்

தேய்வு என்றதும் தோல்வி என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை, 79 பள்ளிகளில் ஏறத்தாழ 11,600 குழந்தைகள், 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளுக்கும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். சிறு வகுப்பினர் தேர்வுகளில் முந்தினர். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பயன் கூடுதலாக இருந்தது. பெரிய வகுப்பில் ஆசிரியருக்கு ஓர் உதவியாளரைத் தந்தது ஏறத்தாழ எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தவில்லை. உயர் வகுப்புகளுக்குச் சென்றபோது மதிப்பெண் வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. ஆயினும் அவர்கள் 20 வயதை எட்டியபோது, சிறு வகுப்பில் தொடங்கியவர்களிடையே கல்லூரியில் சேர்ந்தோரின் விகிதம் 1.8 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. சிறு வகுப்பினர் தேர்வுகளில் முந்தியதைக் கண்ட கலிபோர்னியா 1996-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளைச் சிறிதாக்கியது. ஒரே நேரத்தில் ஏராளமான ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் முழுத் தகுதி பெறாதவர்களும் வகுப்பேறினர். ஏழைப் பகுதிப் பள்ளிகளே அதன் சுமையை அதிகம் ஏற்றன. சோதனையில் வென்ற திட்டத்தை அளவில் பெருக்கும்போது எது முதலில் தட்டுப்படும் என்பதை எவரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த 'பெர்ரி' முன்பருவப் பள்ளித் திட்டம் இன்னும் வியப்பானது. வறுமையில் வாடிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் நாளுக்கு இரண்டரை மணி நேர வகுப்பும், வாரம் ஒரு முறை ஆசிரியர் வீட்டுக்கே வந்து தாயுடனும் குழந்தையுடனும் செலவிடும் நேரமும் கிடைத்தன. நுண்ணறிவுத் தேர்வில் முதலில் தெரிந்த உயர்வு சில ஆண்டுகளிலேயே மறைந்தது. அந்த ஒரே அளவுகோலை வைத்திருந்தவர்கள் திட்டத்தை அப்போதே மூடக் கோரியிருப்பார்கள். ஆனால் பங்கேற்றவர்களை 40 வயது வரை பின்தொடர்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 77 சதவீதம், திட்டத்தில் சேர்க்கப்படாத ஒப்பீட்டுக் குழுவில் 60 சதவீதம். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 55 சதவீதம். பழக்கம், பொறுமை, பள்ளியோடு ஏற்பட்ட பிணைப்பு ஆகியவை வினாத்தாளில் தென்படாமல் உள்ளே தங்கியிருந்தன என்பதே ஆய்வாளர்கள் பலரும் தரும் விளக்கம். 123 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும், அங்கிருந்த ஆசிரியர்களின் தரம் எல்லா இடத்திலும் கிடைக்கக்கூடியது அன்று என்பதையும் மறந்துவிட்டு இதைப் பொதுவிதியாக்குவது முறையாகாது.

இரண்டு அளவுகோல்களும் மோதும் இடம்

இந்த அலசலின் கடினமான பகுதி இதுதான். நிலையறிந்து கற்பிப்பது நல்லது என்றால், திறனுக்கேற்ப மாணவர்களைப் பிரிப்பதும் நல்லதுதானே? கென்யாவில் 2005-இல் 121 பள்ளிகளில் முதல் வகுப்பை இரண்டாகப் பிரிக்கக் கூடுதல் ஆசிரியர் தரப்பட்டார். அவற்றில் ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் மதிப்பெண் அடிப்படையிலும் மற்றவற்றில் குலுக்கல் முறையிலும் பிரித்தார்கள். மதிப்பெண் அடிப்படையில் பிரித்த பள்ளிகளில் 18 மாதங்களில் மதிப்பெண் 0.14 திட்ட விலக்கம் கூடுதலாக உயர்ந்தது. கீழ்நிலை வகுப்பில் வைக்கப்பட்டவர்களும் பயனடைந்தனர். கற்றல் என்ற அளவுகோல் பிரிப்பின் பக்கம் நிற்கிறது.

பின்லாந்து எதிர்த்திசையில் நடந்தது. அங்கே பத்துப் பதினோரு வயதில் மாணவர்கள் கல்லூரிக்கு இட்டுச்செல்லும் பள்ளி, செல்லாத பள்ளி என இருவழிகளில் பிரிக்கப்பட்டனர். 1972-இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977-இல் ஹெல்சிங்கியில் முடிந்த சீர்திருத்தம் அந்தப் பிரிவை 16 வயதுக்குத் தள்ளிப்போட்டது. ராணுவச் சேர்க்கையின்போது நடத்தப்படும் திறனறித் தேர்வில் சராசரி அளவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் தந்தையின் வருமானம் மகனின் வருமானத்தைத் தீர்மானிக்கும் அளவு (0 என்றால் தொடர்பே இல்லை) 0.30-இலிருந்து ஏறத்தாழ 0.23-ஆகக் குறைந்தது. வாய்ப்பு என்ற அளவுகோல் பிரிப்புக்கு எதிராக நிற்கிறது.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும், பிரிப்பு என்ற ஒரே சொல் இரு வேறு செயல்களைக் குறிப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. கென்யாவில் இரு பிரிவினரும் ஒரே பள்ளியில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரே தேர்வை நோக்கிப் படித்தார்கள். பின்லாந்தின் பழைய முறையில் பிரிந்தவர்கள் வேறு பள்ளிக்கும் வேறு எதிர்காலத்துக்கும் போனார்கள். திரும்பும் வழி குறுகலானது. ஒரு பிரிப்புத் திட்டம் முன்வைக்கப்படும்போது நான் முதலில் பார்ப்பது, மறுமதிப்பீடு எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை நடக்கிறது, அதில் மேலே ஏறிய குழந்தை அடுத்த நாளே குழு மாற முடியுமா என்பதைத்தான். அதற்கு விடை தராத திட்டம் எவ்வளவு மதிப்பெண் உயர்த்திக் காட்டினாலும், வாய்ப்பைப் பறிக்கும் வகையைச் சேர்ந்தது.

எதைத் தேர்வது என்று கேட்டால், என் வரிசை மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பொறுத்தது. தகுதியிருந்தும் பணமோ தொலைவோ தடுக்கும் மாணவருக்கு உதவித்தொகையும் போக்குவரத்தும்தான் முதலில். அங்கே கற்பித்தல் சீர்திருத்தத்தைப் பேசிக் காலம் கடத்துவது வீண். வகுப்பில் அமர்ந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த பள்ளியில், வருகையை உயர்த்தும் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் நிலையறிந்து கற்பித்தல், அதுவும் ஒரு முகாமாக அல்லாமல் அன்றாட அட்டவணையின் பகுதியாக. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதிய அளவில் கிடைக்கும் இடத்தில் மட்டுமே சிறு வகுப்பு. முன்பருவக் கல்விக்கு நிதி ஒதுக்குபவர்கள், மூன்றாம் ஆண்டின் தேர்வு முடிவைப் பார்த்து அதை நிறுத்த மாட்டோம் என்று தொடங்கும்போதே எழுதி வைத்துவிட்டு ஒதுக்க வேண்டும்.