கோடியக்கரை போகிறீர்களா? "பூநாரை நிச்சயம்" என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்

டிசம்பர் கடைசியில் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கக் கோடியக்கரை சரணாலயத்துக்குப் போய் ஏமாந்து வந்தேன். சீசன் நேரம் என்பதால் அடுத்தவர் பணம் கட்டுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு பகல் ஓர் இரவு, தலைக்கு 4,500 ரூபாய், காட்டுக்குள் வனத்துறை விடுதி, நுழைவுக் கட்டணம், வழிகாட்டி எல்லாம் அதற்குள்ளேயே, "பூநாரை 100 சதவீதம் நிச்சயம்" என்று சென்னை டூர்க்காரர்களின் கொட்டை எழுத்து விளம்பரம். நான், மனைவி, மகள் மூன்று பேருக்கும் முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அதையும் ரசீதாக எடுத்துக்கொண்டேன், என் புத்தி!

போய் இறங்கினால் வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜ். "ரெஸ்ட் ஹவுஸ் ஃபுல் ஆயிடுச்சு சார்." விடியலில் வரவேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்தது, அதாவது பறவைகள் இரை தேடி முடித்து வெயிலும் ஏறிய பிறகு. கோடியக்காட்டு செக்போஸ்ட்டில் ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் மறுபடி நாங்களே கட்டினோம்.

வண்டி ஓட்டி வந்த பையன்தான் வழிகாட்டியாம். பவளக்கால் உள்ளான் என்ற நீளக்கால் நீர்ப்பறவையைக் காட்டி "இது பூநாரைக் குஞ்சு சார்" என்றான். சிரித்துவிட்டோம், அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் மேய்ந்துகொண்டிருந்த வெளிமான்கள் ஓடினால் படம் நன்றாக வரும் என்று ஹாரனை அடித்தான் பாருங்கள், அப்போது சிரிப்பு போய்விட்டது. சதுப்பில் உள்ளான் கூட்டம். சைபீரியா பக்கமிருந்தெல்லாம் பறந்து வந்து சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பவை. அவற்றைக் கிளப்பிவிடக் கல்லை எடுத்தவனின் கையை என் மகள் பிடித்துக்கொண்டாள்.

பூநாரை ஒன்றுகூட இல்லை. அது அவர்கள் தப்பு இல்லை. அந்தப் பறவை ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து அலகால் சலித்துத் தின்னும், மழையில் நீர் ஏறிவிட்டால் வேறு இடம் பார்த்துப் போய்விடும். தண்ணீர் எந்த வாரம் எவ்வளவு நிற்கும் என்று சென்னையில் உட்கார்ந்து உத்தரவாதம் கொடுத்ததுதான் தப்பு.

மறுநாள் அவர்களை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் நாங்களே போனோம். செக்போஸ்ட்டில் விசாரித்து உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டோம், 600 ரூபாய். காட்டுக் குதிரைகள், ராமர் பாதம் மேட்டிலிருந்து சுற்றிலும் காடு, அப்புறம் உப்பளப் பக்கம் கரண்டிவாயன், கூழைக்கடா, ஆலா. மனிதர் சத்தமே போடாமல் கையால்தான் காட்டினார், மகள் நோட்டில் 31 வகைப் பறவை எழுதினாள்.

பணம் திருப்பிக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன வாரம் அதே விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன், பூநாரைக் கூட்டத்துக்குப் பின்னால் பெரிய மலைத்தொடர். கோடியக்கரையில் ஏது மலை? அங்கே இருப்பதிலேயே உயரமான இடம் அந்த ராமர் பாதம் மணல்மேடுதான்.