எக்ஸ்ட்ரா லைட் மாட்டித் தருகிறேன் என்று ஹெட்லைட் லைனையே எரித்த கடை: ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் கவனிக்கவும்

கோவைப் பக்கம் தார், ஜிம்னி, பொலேரோ மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது ஃபாக் லைட்டோ ஸ்பாட் லைட்டோ மாட்டுவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டு வண்டியைக் கடையில் விடுங்கள். லைட் பளிச்சென்று எரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. என் வண்டியில் நான்கு லைட்டும் அருமையாக எரிந்தன. பானட்டுக்கு அடியில் இருந்த வயரிங்கோ வண்டியையும் உள்ளே இருந்தவர்களையும் கொளுத்தியிருக்க வேண்டியது. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

வண்டி 2016 மாடல் தார். ஆனைமலை அடிவாரத்தில் தோட்டம், மனைவியின் ஊர் வால்பாறை. ஆழியாரிலிருந்து மேலே ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளும், அதைத் தாண்டி கவர்க்கல்லில் இறங்கும் பனியும் தெரிந்தவர்களுக்கு ஃபாக் லைட்டின் அவசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுமாடு சத்தமில்லாமல் ரோட்டில் நிற்கும் இடம் அது. அதனால் தாழ்வாகப் பரவி விழுகிற மஞ்சள் ஹேலஜன் ஃபாக் லைட் இரண்டும், தோட்டத்து மண் பாதைக்கு மட்டும் எல்இடி ஸ்பாட் இரண்டும் என்று கேட்டேன்.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேட்டரியிலிருந்து தனி லைன், சுவிட்சின் சின்ன கரண்டால் லைட்டின் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே இரண்டு, பியூஸ், 2.5 எம்எம் காப்பர் வயர், ஸ்லீவ், டேஷ்போர்டில் இரண்டு சுவிட்ச், 55 வாட் ஃபாக் பல்பு, 120 வாட் எல்இடி ஸ்பாட், எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். படிக்கக் குறையே சொல்ல முடியாத எஸ்டிமேட். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றதற்கு, "உள்ள கஸ்டமரை விடறதில்லீங்ணா, நீங்க ஏசி ரூம்ல உக்காருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் லைட்டைப் போட்டுக் காட்டினார்கள், வாங்கி வந்தேன். பில்லில் மட்டும் எஸ்டிமேட்டில் இருந்த ஒரு வரியும் இல்லை. 'ஆக்சஸரீஸ் ஃபிட்டிங்' என்று ஒரே வரி, கீழே தொகை, ஜிஎஸ்டி எண் கிடையாது. கேட்டால், "அதான் வாட்ஸ்அப்ல எல்லாம் இருக்குதுங்களே" என்றார்.

அடுத்த வாரங்களில் வண்டி சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஃபாக் லைட்டைப் போட்டால் ஹெட்லைட் ஒரு கணம் மங்கும். ஸ்பாட்டைப் போட்டால் எஃப்எம்மில் கரகரப்பு. கால் மணி நேரம் எரிந்தால் டேஷ்போர்டு சுவிட்ச் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இரண்டு முறை போன் செய்தேன். "ஹேலஜன்னா சூடு வரத்தாங்ணா செய்யும், ஒண்ணும் ஆகாது" என்பதுதான் பதில். ஹேலஜன் பல்பு சுடும், உண்மைதான். ஆனால் சுவிட்ச் சுடவே கூடாது. ரிலே இருக்கிற வயரிங்கில் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயின் காயிலை இயக்கத் தேவையான மிகச் சிறிய கரண்ட் மட்டும்தான், அரை ஆம்பியர்கூட வராது. இந்த ஒன்று கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தே சொன்ன பொய் இது.

நடந்தது வால்பாறையிலிருந்து கீழே இறங்கும்போது. மனைவியும் பையனும் வண்டியில். கவர்க்கல் தாண்டும்போது பனி, ஃபாக் லைட் எரிந்துகொண்டிருந்தது. முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்த வளைவில் ஃபாக், ஹெட்லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை வந்தது. வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, ஹசார்ட் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு இருவரையும் இறக்கி, பேட்டரி கிளாம்பைக் கழற்றினேன். ஹசார்டுக்குத் தனி பியூஸ் என்பதால், கிளாம்பைக் கழற்றும் வரை அது மட்டுமாவது எரிந்தது. பின்னால் வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, புகை அடங்கியதும் தன் பேருந்துக்குப் பின்னாலேயே மெதுவாக வரச் சொல்லி அட்டகட்டி வரை கூட்டிப்போனார். அவருக்கு என் நன்றியை எழுத்தில் சொல்லி டெப்போவுக்கே கடிதம் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பொள்ளாச்சியில், லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வயரிங் செய்யும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தேன். அவர் என்னைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். ஒவ்வொரு டேப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். இனி நான் சொல்வது எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது.

ரிலே இரண்டும் இருந்தன. பேட்டரி பக்கத்தில், கண்ணில் படும்படி, போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். கழற்றித் திருப்பினால் 30 என்ற பின்னிலும் 87 என்ற பின்னிலும் வயரே இல்லை. அந்த இரண்டு பின்களின் வழியாகத்தான் லைட்டுக்கான கரண்ட் போக வேண்டும். காயிலுக்கான 85, 86 பின்களில் மட்டும் சின்னதாக இரண்டு துண்டு வயரைச் சொருகி ஸ்லீவுக்குள் மறைத்திருந்தார்கள். அந்த வயர்கள் எங்கும் போகவில்லை. பானட்டைத் திறந்து பார்க்கும் வாடிக்கையாளருக்காக வைத்த பொம்மை ரிலே.

அப்படியானால் கரண்ட் எங்கிருந்து வந்தது? ஹெட்லைட் லைனிலிருந்து. கம்பெனி வயரை நடுவில் கடித்துப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைப் போட்டு, அங்கிருந்து ஒரு மெல்லிய வயரை கேபினுக்குள் சுவிட்சுக்கு இழுத்து, சுவிட்சிலிருந்து திரும்ப வெளியே லைட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆக மொத்த லோடும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக. ஃபாக் லைட்டுக்குள் இருந்ததோ 55 வாட் பல்பு அல்ல, 100 வாட். கடையில் போட்டுக் காட்டும்போது வெளிச்சம் கண்ணைப் பறிக்க வேண்டுமே!

கணக்கைப் பாருங்கள். வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஹெட்லைட் லோ பீம் இரண்டு 55 வாட், சுமார் 9 ஆம்பியர். 100 வாட் ஃபாக் இரண்டு, கிட்டத்தட்ட 17 ஆம்பியர். ஸ்பாட் இரண்டும் சேர்ந்து இன்னொரு 4. வெறும் ஹெட்லைட்டுக்காகக் கம்பெனி போட்ட லைனில் ஏறக்குறைய 30 ஆம்பியர். இவ்வளவு ஏற்றினால் கம்பெனி பியூஸ் முதல் நாளே போயிருக்குமே என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவர் பியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து காட்டினார். மூடியில் அச்சிட்ட அளவு 15 ஆம்பியர், அதாவது நீல பியூஸ். சொருகியிருந்தது பச்சை, 30 ஆம்பியர்.

எனக்கு உடம்பு பதறியது அந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் காசு மிச்சம் பிடிக்கிற திருட்டு. இது அப்படி அல்ல. பியூஸ் போய் வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்பதற்காக, வண்டியைக் காப்பாற்றும் ஒரே பொருளை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். "தம்பி, பியூஸ் லைட்டைக் காப்பாத்தறதுக்கு இல்லை, வயரைக் காப்பாத்தறதுக்கு. வயர் தாங்கறதை விடப் பெரிய பியூஸ் போட்டா, வயர்தான் பியூஸ் வேலையைச் செய்யும்" என்றார் பெரியவர். செய்தும் விட்டது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு, வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான கிரோமெட் வைக்காமல் வயரை இழுத்திருந்தார்கள். சூட்டில் இளகிய இன்சுலேஷனைத் தகட்டின் விளிம்பு அறுத்து, வயர் பாடியில் ஷார்ட் ஆகி, ஹெட்லைட் லைனையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

வயரும் ஏமாற்றுதான். 2.5 எம்எம் காப்பர் என்று காசு வாங்கிக்கொண்டு போட்டது 0.75 எம்எம். தடிமனான இன்சுலேஷனால் வெளியே பார்க்கப் பெரியதாகத் தெரிகிறது. பெரியவர் ஒரு இழையை பிளேடால் சுரண்டினார். உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! தகரம் பூசிய நல்ல செம்பு வயரும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் வரும். இதில் நேர் எதிர். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதே கரண்டுக்கு அதிகம் சுடும். எரியாமல் மிஞ்சியிருந்த எல்இடி ஸ்பாட்டைத் தனியாக பேட்டரியில் கொடுத்து கிளாம்ப் மீட்டரில் அளந்தார். ஒரு லைட்டுக்கு 2.1 ஆம்பியர். 27 வாட்டைத் தாண்டவில்லை. பெட்டியில் 120 வாட், ஐபி68 (தண்ணீர் புகாது என்பதற்கான குறியீடு) என்று அச்சு, கண்ணாடிக்குள் நீர்த்துளி. எர்த் வயர்களைப் பெயின்ட் அடித்த பம்பர் பிராக்கெட்டின் மேலேயே ஸ்க்ரூ போட்டு விட்டிருந்தார்கள், பெயின்ட் கரண்டைத் தடுக்கும் என்று தெரிந்தும்.

அவர் திரும்பச் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன், கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக. எரிந்த ஹெட்லைட் லைனை மாற்றி, 15 ஆம்பியர் பியூஸைத் திரும்பப் போட்டார். ஃபாக்குக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி லைன். பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே பியூஸ், ஏனென்றால் பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையே இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. பல்பு 55 வாட், இரண்டுக்கும் 9 ஆம்பியர் சொச்சம், அதற்கு 15 ஆம்பியர் பியூஸ். பியூஸிலிருந்து ரிலேயின் 30, 87லிருந்து லைட், இரண்டும் 2.5 எம்எம் செம்பு. 85 எர்த், 86 சுவிட்சுக்கு. எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வயர் நுனியில் வளைய முனையை (ரிங் லக்) அழுத்திப் பொருத்தி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ். எல்லா வயருக்கும் நெளி ஸ்லீவ், தகட்டு ஓட்டையில் கிரோமெட்.

முடித்ததும் லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரில் பேட்டரியில் ஒரு அளவும் லைட்டில் வயர் சொருகும் கப்ளரில் ஒரு அளவும் எடுத்துக் காட்டினார். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள். பழைய வயரிங்கில் இது இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழுந்திருக்கும். ஹேலஜனுக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். அதனால்தான் இப்போது 55 வாட் பல்பே பனியில் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. இந்த அளவை நீங்களும் டெலிவரி எடுக்கும்போது கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுக்கிற கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்பாட் லைட்டைத் திரும்ப மாட்டவில்லை. கடைக்காரர் "ஆர்டிஓ எல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கவர் போட்டுக்குங்க" என்றிருந்தார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட் கூடாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வண்டி உரிமையாளருக்குத்தான் விதிக்கிறது. விற்றவர் சொல்லாமல் விடுவதும் ஏமாற்றில் சேர்த்திதான். எதிரே வருகிறவர் கண்ணும் முக்கியம், மலை ரோட்டில் ஒரு நொடி கண் கூசினால் அவருக்கு மறுபக்கம் பள்ளம்.

படங்களோடு கடைக்குப் போனேன். முதலில் "தண்ணியில ஓட்டியிருப்பீங்க" என்றார். பிறகு "வெளி ஆளு பிரிச்சதுக்கு நாங்க பொறுப்பில்லீங்க" என்றார். பொம்மை ரிலேயின் படத்தைக் காட்டியதும், அடுத்த லைட்டுக்குப் பாதி விலை போட்டுத் தருவதாகச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டுவிட்டேன். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். என் மனுவுக்குப் பலம் அந்த வாட்ஸ்அப் எஸ்டிமேட்தான். பில்லில் அதே விவரங்கள் வரிவரியாக இருந்திருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். வயர் அளவு, ரிலே, பியூஸ் ஆம்பியர், பல்பு வாட் எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எரிந்த வயரையும் கழற்றிய பாகங்களையும் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அதே கடையில் லைட் மாட்டிய நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் வண்டியின் பியூஸ் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். அவருக்கும் ஹெட்லைட் இடத்தில் பச்சை 30. அவர் வண்டி இப்போது பொள்ளாச்சியில் பெரியவரிடம் நிற்கிறது. வெளியில் லைட் மாட்டிய வண்டி உங்களிடம் இருந்தால் இன்றைக்கே மூடியைத் திறந்து, அச்சிட்ட அளவும் சொருகியிருக்கும் பியூஸும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அந்த லைட்டைப் போடாதீர்கள், கடைக்காரர் கை வைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள்.